பெரியப்பாவின் சஞ்சிகைக் கட்டுகள்: எதை வைத்திருப்பது, எதை விடுவது?

கொக்குவில் பெறாமகள் கேட்கிறார்:

வணக்கம். இங்கே நூலகங்களில் வேலை செய்தவர்களும் பழைய சஞ்சிகைகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

என் பெரியப்பா பகலில் பள்ளிக்கூட வாத்தியார், பின்னேரத்தில் சஞ்சிகை ஆசிரியர். 1971 தொடக்கம் 1979 வரை சிறுகதைக்கென்றே ஒரு சிறிய சஞ்சிகை நடத்தினார். 23 இதழ்கள் வந்தன. அவரும் கதை எழுதினார். 11 கதைகள் ஒரு தொகுப்பாக வந்தன, அதுவும் இப்போது எங்கேயும் கிடைக்காது. பெயர்களைப் பொதுவில் போட வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார், அதனால் விட்டுவிடுகிறேன்.

பெரியப்பா இறந்து ஆறு வருடம். பெரியம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள வீட்டை விற்பதென்று கனடாவில் இருக்கும் அண்ணா, அதாவது அவர்களுடைய மகன், முடிவெடுத்துவிட்டார். ஐப்பசி முடிவதற்குள் வீட்டை வெறுமையாக்கித் திறப்பைக் கொடுக்க வேண்டும். தளபாடம், பாத்திரம் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியிருப்பது பின் அறையில் கிடக்கும் கடதாசிதான்.

ஒரு தகர றங்குப்பெட்டி, இரண்டு மலிபன் பிஸ்கற் தகரம், ஒரு உரப்பை. றங்குப்பெட்டிக்குள் சணல் கயிற்றால் கட்டிய 14 கட்டுகள். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு மட்டைத் துண்டில் பெரியப்பாவின் கையெழுத்து: "வந்தவை", "போட வேண்டியவை", "இன்னொருமுறை பார்க்க", "இல்லை". "இல்லை" என்ற கட்டுகள்தான் கூட, ஆறு. எல்லாம் யார் யாரோ அனுப்பிய கதைகள். கொப்பி ஒற்றையில், கணக்குத் தாளில், ஒன்று கடைப் பற்றுச்சீட்டுகளின் பின்பக்கத்தில். பல கதைகளில் பெரியப்பா பச்சை மையால் வெட்டியும் எழுதியும் இருக்கிறார். சிவப்பு மை பள்ளிக்கூடத்துக்கு, பச்சை கதைக்கு என்று அவருக்கு ஒரு கணக்கு. சில பக்கங்களில் எழுதியவருடைய நீலத்தைவிடப் பச்சைதான் அதிகம்.

பிஸ்கற் தகரம் ஒன்றில் கடிதங்கள். மற்றதில் முத்திரை ஒட்டி விலாசமும் எழுதிய வெறும் கடித உறைகள். எண்ணிப் பார்த்தேன், 41. இவை எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

உரப்பைக்குள் பெரியப்பாவின் சொந்தக் கதைகள். ஒன்பது பள்ளிக்கூடக் கொப்பிகள். தொகுப்பில் வந்த கதைகளை முதன்முதல் எழுதிப் பார்த்ததும், முடிக்காத ஏழு கதைகளும் அவற்றில் இருக்கின்றன. ஒரு கதையை ஐந்து தடவை தொடங்கியிருக்கிறார். கிணற்றடியில் ஒரு பெண் வாளியைக் கைவிட்டுவிடுகிறாள், அது தண்ணீரில் விழும் சத்தத்தோடு கதை தொடங்குகிறது. ஐந்திலும் வாளி விழுகிறது. ஐந்தும் வேறு வேறு இடத்தில் நின்றுவிடுகின்றன.

இந்த உரப்பையை என்னால் மறக்க முடியாது. 1995 ஒக்ரோபர் 30, போரினால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவு. எனக்கு அப்போது 12 வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க அசைய இடமில்லை. பெரியப்பாவின் சைக்கிள் கரியரில் இந்தப் பை. அரிசி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் இறக்கி அவிழ்த்தபோதுதான் பெரியம்மாவுக்குத் தெரிந்தது, அரைவாசி அரிசி, அரைவாசி கொப்பி. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துச் சுவரோரம் அடுக்கினார். 1996 இல் திரும்பி வந்தபோது றங்குப்பெட்டி இருந்தது, அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டி இல்லை. 23 இதழ்களின் முழுத் தொகுதியும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

அண்ணா சொல்வது: "அப்பாவின் கொப்பிகளை மட்டும் எடு. ஸ்கான் பண்ணி ஒரு புத்தகமாகப் போடுவோம், செலவு நான் தாறன். மற்ற ஆட்களின் கதைகளை வைத்து என்ன செய்ய? எரித்துவிடு." அண்ணாவில் பிழை சொல்ல மாட்டேன். தன் அப்பாவின் எழுத்து நிற்க வேண்டும் என்றுதான் அவர் ஆசைப்படுகிறார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். போன சனிக்கிழமை "இல்லை" கட்டொன்றை அவிழ்த்து முற்றத்துக்குக் கொண்டுபோனேன். மேலே இருந்த கதையின் கடைசிப் பக்கத்தில் பச்சையில் எழுதியிருந்தது: "மாமியார் பேசத் தொடங்கியதும் கதை செத்துவிட்டது. அதற்கு முதல் உள்ள நாலு பக்கமும் நான் எழுத ஆசைப்பட்ட நாலு பக்கம்." கையில் நெருப்புப் பெட்டி இருந்தது. திரும்பக் கட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். மற்றவர்களின் கதைகளையும் கடிதங்களையும் வைத்திருக்கத்தான் வேண்டுமா? கட்டுகளைப் பிரித்து ஆள்வாரியாக அடுக்கலாமா? ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட தாள்களை என்ன செய்வது? யாரிடம் கொடுத்தால் பத்திரம்? கடிதங்களை நான் வாசிப்பது சரியா என்பதும் மனதை உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற நூலகர்:

தங்கச்சி, ஒரு தாளையும் எரிக்க வேண்டாம். அண்ணாவோடு பேசி அவகாசம் வாங்குங்கள்.

நான் 31 வருடம் நூலக வேலை பார்த்தவன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். மே 31 இரவு தொடங்கியது. 97,000 அளவில் நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகு ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அச்சான புத்தகமென்றால் யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் இன்னொரு பிரதி இருக்கும், தேடினால் ஒருநாள் வந்து சேரும். கையெழுத்துப் பிரதிக்கு அந்த வழி கிடையாது. உங்கள் றங்குப்பெட்டியில் இருப்பவை அத்தனையும் இரண்டாவது பிரதி இல்லாதவை.

அண்ணா கேட்டதற்கும் பதில் இதுதான். உங்கள் பெரியப்பா எழுதியவை ஒன்பது கொப்பிக்குள் மட்டும் இல்லை. மற்றவர்களின் கதைகளைத் திருத்திப் போடும் ஒரு சஞ்சிகை ஆசிரியரின் எழுத்தில் பெரும்பகுதி அவர்களுடைய தாள்களின் ஓரத்தில்தான் கிடக்கும். ஒன்பது வருடம் பச்சை மையால் என்ன நினைத்தார், எதை வெட்டினார், எதைப் பார்த்து ஆசைப்பட்டார் என்பதெல்லாம் அந்த "இல்லை" கட்டுகளில் இருக்கிறது. கொப்பியை மட்டும் எடுத்தால் அவரில் பாதியைத்தான் எடுத்துப் போகிறீர்கள்.

கட்டுகளைப் பிரித்து ஆள்வாரியாக அடுக்கவே வேண்டாம். அவர் வைத்த ஒழுங்கு ஒரு சாட்சி. ஒரு கதை "இன்னொருமுறை பார்க்க" கட்டில் இருந்தது என்பதே ஒரு செய்தி. அதைத் தூக்கி எழுதியவரின் பெயரில் வைத்தால் அந்தச் செய்தி அழிந்துவிடும், பிறகு எவராலும் திரும்ப எழுப்ப முடியாது. முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தபடியே படம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டையும் மட்டைத் துண்டு தெரியும்படி எடுங்கள். கட்டுக்கு ஒரு எண் கொடுத்துக் கொப்பியில் எழுதுங்கள்: 1, "இல்லை", இத்தனை கதைகள், இன்ன நிலை. அது போதும். ஒவ்வொரு கதைக்கும் பட்டியல் போடப் புறப்பட்டால் மூன்றாம் கட்டோடு களைத்துப் போவீர்கள்.

சணல் கயிறு தாளை அறுக்கும். அதை எடுத்துவிட்டு அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். மட்டைத் துண்டு அந்தக் கட்டோடேயே இருக்கட்டும். குண்டூசிகள் துருப்பிடித்திருக்கும், பிடித்து இழுத்தால் தாள் கிழியும். மெல்லிய பிளாஸ்ரிக் துண்டொன்றைத் தாளுக்கும் ஊசிக்கும் நடுவில் செருகி மெதுவாகத் தளர்த்துங்கள். கழற்ற முடியாததை அப்படியே விடுங்கள்.

செய்யக் கூடாதவற்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் அன்பினால்தான் நம் ஆட்கள் அதிகம் பழுதாக்குகிறார்கள். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். லமினேற் பண்ணாதீர்கள், அந்தச் சூடும் பிளாஸ்ரிக்கும் ஒருமுறை ஏறினால் இறங்காது. வெயிலில் காயப்போடாதீர்கள். சொப்பிங் பைக்குள் போட்டு முடிச்சுப் போடாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வேப்பிலை வைக்க ஆசையென்றால் காய்ந்த இலையைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வையுங்கள். தாள்களுக்கு நடுவில் வைத்தால் கறை பிடிக்கும்.

ஒட்டிக்கொண்டவற்றை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீல மை தண்ணீரில் கரையக்கூடியது. நனைத்துப் பிரிக்கப் போனால் எழுத்தே போய்விடும். காற்றோட்டமான அறையில் மேசை மேல் வைத்து, விசிறியை நேரே படாமல் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சில தாமாகவே விடும். விடாதவற்றைத் தனி உறையில் வைத்து "பிரிக்கவில்லை" என்று எழுதுங்கள், பயிற்சி உள்ளவர்கள் பார்க்கட்டும்.

பெட்டிகளைத் தரையில் வைக்க வேண்டாம், அரை அடியாவது உயரம் வேண்டும். சுவரோடு ஒட்டவும் கூடாது. நம் ஊரில் கறையான் சுவர் வழியாகத்தான் வரும். மாரி தொடங்கப்போகிறது, அதனால் இதைக் கெதியாகச் செய்யுங்கள். மற்றது எல்லாம் ஆறுதலாகச் செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழ், நோட்டீஸ், பத்திரிகைத் துண்டு எல்லாவற்றையும் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் ஒரு ஆராய்ச்சி நூலகமே இருக்கிறது. எது குப்பை, எது ஆவணம் என்று சேர்ப்பவர் முன்கூட்டி முடிவெடுக்காததால் வந்த நன்மை அது. அந்த 41 உறைகளையும் எறியாதீர்கள்.

பழைய அச்சுக்கோப்பாளர்:

பிள்ளை, நான் 17 வயதிலிருந்து அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். உங்கள் பெரியப்பாவின் சஞ்சிகை எங்கள் அச்சகத்தில் வரவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் அந்தக் காலத்துச் சிறு சஞ்சிகைகள் எல்லாம் ஒரே பாடுதான் பட்டன.

"போட வேண்டியவை" கட்டில் உள்ள தாள்களின் ஓரத்தைப் பாருங்கள். கறுப்பாகப் பெருவிரல் அடையாளம் இருந்தால் அந்தத் தாள் எங்களைப் போன்ற ஒருவனின் கையில் இருந்தது என்று அர்த்தம். கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கு இரண்டு மூன்று தருவார்கள். எழுத்துப் பெட்டிக்கு மேல் குத்தி வைத்துப் பார்த்துக் கோப்போம். தாளின் மூலையில் ஒரு எழுத்து, ஒரு எண் இருந்தால் அது எந்தக் கோப்பாளன் எந்தப் பக்கம் என்ற குறிப்பு. வேலை முடிந்ததும் அந்தத் தாள்கள் மை துடைக்கவும் அடுப்பு மூட்டவும்தான் போகும். அதை உங்கள் பெரியப்பா திரும்ப வாங்கி வைத்திருக்கிறார் என்றால் அவர் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரிய அப்படிக் கேட்ட ஆசிரியர்கள் மிகக் குறைவு.

இன்னொரு விசயம் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும், அதனால் எழுதுகிறேன். வெட்டு எல்லாம் இலக்கிய வெட்டு இல்லை. எங்களிடம் இருந்த ஈய எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். எட்டுப் பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்துத் திரும்பப் பெட்டியில் போட்ட பிறகுதான் அடுத்த எட்டு. கதை எட்டாம் பக்கத்தைத் தாண்டிப் பத்து வரி போனால் ஆசிரியரைக் கூப்பிடுவோம். அவர் சைக்கிளில் வந்து, நின்ற நிலையிலேயே புரூப்பில், அதாவது பிழை பார்க்க அடித்த மாதிரி அச்சில், பத்து வரியை எடுப்பார். ஓரத்தில் "9 வரி கூட" என்பது போல ஏதாவது எண் இருந்தால் அது இடத்துக்காக வெட்டியது. எங்கே வெட்டினால் வலிக்காது என்று தேடி வெட்டியிருப்பார். அதையும் வடிவாகப் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

தாளையும் பாருங்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாழைச்சேனைத் தாள் கிடைத்தாலே சந்தோசம். வைக்கோலில் செய்தது, பழுப்பாக இருக்கும், மடித்த இடத்தில் முறியும். முறிகிற தாளைத் திரும்பத் திரும்ப விரிக்காதீர்கள். ஒருமுறை விரித்தால் விரித்தபடியே விடுங்கள்.

மானிப்பாயிலிருந்து:

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் கொடுப்பதில் அவசரப்படாதீர்கள். என் அப்பாவின் நாடகப் பிரதிகளை 2004 இல் ஓரிடத்தில் நம்பிக் கொடுத்தோம். பற்றுச்சீட்டு வாங்கவில்லை. பொறுப்பாக இருந்தவர் மாறிய பிறகு அப்படி ஒன்று வந்ததாகவே தெரியாது என்றார்கள். இன்றைக்கும் அம்மாவின் முன்னால் அந்தக் கதையை எடுக்க மாட்டோம். படம் எடுக்காமல் ஒரு தாளும் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. கொடுக்கும்போது பட்டியல் இரண்டு பிரதி, இரண்டிலும் இரண்டு பேரின் கையெழுத்து. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

திருநெல்வேலி ஆய்வு மாணவி:

அக்கா, நான் ஈழத்துச் சிறு சஞ்சிகைகளில்தான் ஆய்வு செய்கிறேன். உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்தேன்.

எங்களிடம் அச்சான இதழ்கள் ஓரளவு இருக்கின்றன. ஈழகேசரி, மறுமலர்ச்சி இதழ்களில் வந்த கதைகளைச் செங்கை ஆழியான் தொகுத்துத் தந்தார். டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய மல்லிகை 2012 வரை வந்தது. அவரும் உங்கள் பெரியப்பாவைப் போலச் சிறுகதைக்காரர்தான், தன் கதையையும் எழுதிக்கொண்டு மற்றவர்களின் கதையையும் சுமந்தவர். 1975 இல் தொடங்கிய "அலை" சஞ்சிகையின் 35 இதழ்களும் இருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இங்கே எத்தனையோ பேர் புதிதாக எழுத வந்தார்கள் என்று நாங்கள் எல்லோரும் கட்டுரைகளில் எழுதுகிறோம். ஆனால் வந்த கதை எது, நின்ற கதை எது, ஒரு கதை ஆசிரியரின் மேசையில் எப்படி மாறியது என்று காட்ட எங்கள் கையில் ஒன்றுமில்லை. உங்கள் 14 கட்டுகளும் அதைத்தான் காட்டுகின்றன.

ஆசிரியரின் தாள்கள் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. கோர்டன் லிஷ் மற்றவர்களின் சிறுகதைகளைத் தேர்ந்து திருத்திப் போட்ட ஆசிரியர், தானும் புனைகதை எழுதியவர். ரேமண்ட் கார்வரின் கதைகளைத் திருத்தியவர் அவர். 1981 இல் கார்வரின் தொகுப்பு வந்தபோது அந்தச் சுருக்கமான நடையை எல்லோரும் கார்வருடையது என்றே கொண்டாடினார்கள். லிஷின் தாள்கள் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்துக்குப் போன பிறகு, அவற்றைப் பார்த்த ஒரு பத்திரிகையாளர் 1998 இல் எழுதினார்: அந்தத் தொகுப்பின் கதைகளில் இருந்த சொற்களில் ஏறக்குறைய பாதியை லிஷ் வெட்டியிருந்தார், பல கதைகளின் முடிவையே மாற்றியிருந்தார். கார்வர் எழுதியபடியே அந்தக் கதைகள் 2009 இல் தனி நூலாக வந்தன. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் பேசுகிறார்கள். தாள்கள் இருந்ததால்தான் பேசவாவது முடிகிறது.

இனி உரிமை பற்றி. கடிதமும் கதையும் எழுதிய தாள் இப்போது பெரியம்மாவின், உங்கள் அண்ணாவின் பொறுப்பில் இருக்கிறது. அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்குத்தான். நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் வாழும் காலமும் இறந்த பின் 70 வருடமும் அந்த உரிமை இருக்கும். ஆகவே வைத்திருக்கலாம், பாதுகாக்கலாம், ஓரிடத்தில் ஒப்படைக்கலாம். ஆனால் மற்றவர்களின் கதையையோ கடிதத்தையோ அவர்களின் அனுமதி இல்லாமல் அச்சிடவோ இணையத்தில் ஏற்றவோ கூடாது. பெரியப்பாவின் ஒன்பது கொப்பிகள் உங்கள் குடும்பத்தின் உரிமை, அண்ணா ஆசைப்படுகிற புத்தகத்துக்குத் தடையில்லை.

கடிதங்களை வாசிப்பது பற்றிக் கேட்டீர்கள். என் எண்ணம், யாருடையது, எந்த ஆண்டு என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பாருங்கள். வீட்டுத் துயரம் எழுதியவை இருந்தால் தனி உறையில் இட்டு, இத்தனை வருடம் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுங்கள். ஆவணக் காப்பகங்களில் அப்படிச் செய்வது வழக்கம். "நூலகம்" என்ற இணைய நூலகத்தை நடத்தும் நூலக நிறுவனத்தார் 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறார்கள், அவர்களோடு கதையுங்கள். இங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். யாரிடம் போனாலும் மானிப்பாய்க்காரர் சொன்ன பட்டியல் முதலில்.

உங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்றால் நானும் என் தோழியும் வந்து படம் எடுத்துத் தருவோம். ஜன்னல் வெளிச்சமும் இரண்டு நல்ல போனும் போதும்.

கரவெட்டி வாசகி:

மகள், அந்த உறைகள் எதற்கென்று எனக்குத் தெரியும். எல்லாச் சஞ்சிகையிலும் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள், கதை திரும்ப வேண்டுமானால் விலாசமிட்டு முத்திரை ஒட்டிய உறையைச் சேர்த்து அனுப்பவும் என்று. திரும்பி வந்தால் அந்த உறையைத் தபால்காரர் கொண்டுவரும்போதே விளங்கிவிடும், நம்முடைய கையெழுத்தே நமக்கு வரும்.

1974 இல் நானும் ஒரு கதை அனுப்பினேன். உங்கள் பெரியப்பாவின் சஞ்சிகைக்கா என்று நிச்சயமில்லை, ஆனால் சிறுகதைக்கென்று வந்த சஞ்சிகை, ஆசிரியர் ஒரு வாத்தியார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்போது எனக்கு 19 வயது. வீட்டுக்குத் தெரியாமல் எழுதியது, பக்கத்து வீட்டு மச்சாளின் விலாசம் போட்டேன். கதை வரவும் இல்லை, திரும்பவும் இல்லை. என்னிடம் பிரதி எடுத்து வைக்கும் அறிவு இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை. கலியாணம், பிள்ளைகள், இடப்பெயர்வு.

மற்றவர்களின் கதையை வைத்து என்ன செய்ய என்று உங்கள் அண்ணா கேட்டாரல்லவா. அவரை நோகச் சொல்லவில்லை. அந்த மற்றவர்களில் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். "இல்லை" என்ற கட்டில் இருந்தாலும் பரவாயில்லை. பச்சையில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

கொக்குவில் பெறாமகள்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் எழுத முடியவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தபடி படம் எடுத்து, கட்டுகளுக்கு எண் போட்டாயிற்று. மூன்று கட்டுகள் ஈரத்தில் ஒட்டிக் கல்லுப்போல இருக்கின்றன. முன் அறை மேசையில் வைத்து, நூலகர் ஐயா சொன்னபடி விசிறியைச் சுவருக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். அச்சுக்கோப்பாளர் ஐயா, நீங்கள் சொன்ன பெருவிரல் அடையாளம் இருக்கிறது! எட்டுத் தாள்களில் பார்த்தேன். ஒரு தாளின் மூலையில் "க 3" என்று பென்சிலில். ஒரு புரூப்பில் "6 வரி கூட" என்றும், அதற்குக் கீழே பச்சையில் "மழையை எடுக்கலாம்" என்றும் இருக்கிறது. கதையில் மழை பெய்கிற ஆறு வரியை எடுத்திருக்கிறார். வாசித்துப் பார்த்தேன், மழை இல்லாமலும் அந்த வீடு நனைந்துதான் இருக்கிறது.

உறைகளைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டேன். சஞ்சிகை நின்றபோது கையில் இருந்த கதைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் எழுதாமல் வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை, எழுதத் தொடங்கி எழுதத் தொடங்கி விட்டுவிட்டார். முத்திரை தட்டுப்பாடான காலத்தில் பெரியம்மா அந்த உறையிலிருந்து ஒன்றைக் கழற்றப் போனபோது, "அது அவையின்ர காசு, தொடாதை" என்று சொன்னாராம். பெரியப்பா பெரியம்மாவிடம் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான் என்கிறார்.

அண்ணாவோடு நேற்று இரவு கதைத்தேன். கரவெட்டி அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. வீடு வாங்குகிறவர்களிடம் கார்த்திகை நடுப்பகுதி வரை தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பிறகு வாளிக் கதையை வாசிக்கச் சொன்னார். ஐந்தையும் வாசித்தேன். அவர் சின்ன வயதில் அந்தக் கிணற்றடியில் அம்மம்மா வாளியைக் கைவிட்டதைத் தானும் அப்பாவும் ஒன்றாக நின்று பார்த்ததாகச் சொன்னார். எனக்கு இது தெரியாது. கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் நான் எதையும் எழுதக் கூடாதுதானே, ஆகவே தனித் தாளில் எழுதித் திகதி போட்டு வைத்திருக்கிறேன்.

திருநெல்வேலித் தங்கச்சி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள், கிழக்கு ஜன்னலில் பத்து மணி வரை நல்ல வெளிச்சம் இருக்கும். சாப்பாடு எங்கள் வீட்டில். மானிப்பாய் அண்ணா, பட்டியல் இரண்டு பிரதி எழுதத் தொடங்கிவிட்டேன்.

கரவெட்டி அக்கா, 41 உறைகளில் கரவெட்டி விலாசம் இரண்டு இருக்கின்றன. இரண்டும் பெண் பெயர்கள். பெயரை இங்கே போட மாட்டேன், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். பிரிந்திருக்கும் 11 கட்டுகளிலும் அந்த இரண்டு பெயரிலும் கதை இல்லை, ஆனால் புனைபெயரில் எழுதியிருந்தால் எனக்குத் தெரிய வழியில்லை. மேசையில் காய்கிற மூன்றில் ஒன்று "இன்னொருமுறை பார்க்க". என்ன பெயர் போட்டு அனுப்பினீர்கள், எத்தனை பக்கம், கொப்பித் தாளா வெள்ளைத் தாளா? முதல் வரி ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.